சின்னப் பட்டறையில் தொழிலாளர் பாதுகாப்பு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

மதுரையில் கப்பலூர், கே.புதூர், உறங்கான்பட்டி பக்கம் லேத், ட்ரில்லிங், வெல்டிங், கிரைண்டிங் என்று பத்து முதல் முப்பது பேர் வரை வேலை பார்க்கும் பட்டறைகளை மனதில் வைத்து எழுதியது இது. முதலாளி, மேஸ்திரி, புதிதாகப் பொறுப்பேற்ற சூப்பர்வைசர் என யார் வேண்டுமானாலும் இதை வைத்துத் தொடங்கலாம்.

பாதுகாப்பு ஏற்பாடு என்றதும் பெரும்பாலோர் முதலில் போவது கடைக்கு. இருபது ஹெல்மெட், இரண்டு டஜன் கிளவுஸ், சுவரில் மாட்ட ஒரு போர்டு. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஹெல்மெட்டில் போல்ட்டும் நட்டும் கிடக்கும். மெஷின் பழைய ஆபத்தோடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். வரிசை மாறிப்போனதுதான் காரணம். முதலில் ஆபத்தை எடுக்க வேண்டும். எடுக்க முடியாததை மூட வேண்டும். மூடவும் முடியாத மிச்சத்துக்குத்தான் ஆள் மேல் மாட்டும் சாமான். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, ஒரு போன் கேமரா, வேலை நடக்கும் நாளில் முழுசாக அரை நாள். அப்புறம் இரண்டு ஆட்கள். ஒருவர் அந்தப் பட்டறையில் நெடுநாளாக மெஷின் ஓட்டுபவர். எந்த மெஷினில் எங்கே கை போகும் என்பது அவருக்குத்தான் தெரியும். இன்னொருவர் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன். கரண்ட் வேலையைத் தெரிந்தவரை நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கக் கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே பேசி முடியுங்கள். ஆபத்தான மெஷினை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? முதலாளி ஊரில் இல்லாத நாளில் அந்த முடிவை யார் எடுப்பது? இதற்குப் பதில் இல்லாமல் தொடங்கினால், அவசர ஆர்டர் வந்த முதல் நாளே எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

1. வேலை நடக்கும்போது சுற்றிப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பெருக்கித் துடைத்துக் கிடக்கும்போது சுற்றிப் பார்த்துப் பயனில்லை. ஆபத்து மெஷினில் மட்டும் இருப்பதில்லை, ஆள் அதை ஓட்டும் விதத்திலும் இருக்கிறது. காலை ஷிப்ட் தொடங்கும் நேரம், சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி, மாலை லோடு ஏற்றும் நேரம் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

ஒவ்வொரு மெஷின் முன்னாலும் சில நிமிடங்கள் சும்மா நில்லுங்கள். கை எங்கே போகிறது, கண்ணுக்கு நேரே என்ன பறக்கிறது, கால் எதன் மேல் நிற்கிறது, தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று பார்த்து எழுதுங்கள். பிறகு ஓட்டுபவரிடம் ஒரே ஒரு கேள்வி: “இந்த மெஷின்ல உங்களுக்கு எது பயம்ணே?” யாரும் குறை சொல்லவில்லை, திட்டப் போவதும் இல்லை என்று தெரிந்தால் கொட்டித் தீர்ப்பார்கள்.

ஒரு பட்டறையில் ட்ரில்லிங் மெஷின் பெல்ட்டுக்கு மேல் கவர் இல்லை. கூட வந்த புதுப் பையன் கேட்டான்: “அண்ணே, இதுக்கு மூடி எங்கண்ணே?” “பெல்ட் மாத்தறப்ப கழட்டுனது தம்பி, அந்தா கிடக்கு பாரு.” சுவரோரம் தூசி படிந்து, மேலே டீ கிளாஸ் வைக்கும் பலகையாக அது இருந்தது. நான்கு போல்ட்டில் இரண்டைக் காணவில்லை. திரும்ப மாட்டாததற்கு அதுதான் காரணம். இந்த மாதிரி விஷயங்கள் நோட்டில் வர வேண்டும்: கவர் இல்லை என்பது மட்டுமல்ல, ஏன் இல்லை என்பதும். இரண்டு போல்ட் வாங்கிக் கொடுத்தால் தீரும் பிரச்சினைக்கு ஆளைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

பலர் செய்யும் தவறு, இணையத்தில் கிடைக்கும் செக்லிஸ்ட்டை அச்செடுத்து டிக் அடிப்பது. அது பெரிய ஆலைக்கு எழுதியது. உங்கள் பட்டறையின் ஒழுகும் தகரமும் வாசலில் நிற்கும் ஆட்டோவும் அதில் இருக்காது.

2. எழுதியதை வரிசைப்படுத்துங்கள்

நாற்பது ஐம்பது விஷயம் நோட்டில் சேர்ந்திருக்கும். அத்தனையையும் ஒரே வாரத்தில் சரி செய்யக் கிளம்பினால் சுலபமானவை மட்டும் முடிந்து, உயிர் போகக்கூடியவை மிச்சம் நிற்கும்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்வியை எழுதிப் பதில் போடுங்கள்: தப்பு நடந்தால் என்ன ஆகும்? உயிர் அல்லது உறுப்பு போகும் என்றால் சிவப்பு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும் என்றால் மஞ்சள். சிராய்ப்பு, அசௌகரியம் என்றால் பச்சை. அடிக்கடி நடக்கிறதா என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். தினமும் கையில் சிம்பு குத்துவது எல்லோர் கண்ணிலும் படும். மூன்று வருடத்தில் ஒருமுறை அடிக்கும் ஷாக் படாது, ஆனால் அதுதான் ஆளைக் கொல்லும்.

சிவப்பில் இருப்பதைச் சரி செய்யும்வரை அந்த மெஷினை ஓட்டக் கூடாது. இதில் தளர்வு வேண்டாம்.

3. முதலில் கரண்ட்

கரண்டை முதலில் வைப்பதற்குக் காரணம், அதை யாரும் கண்ணால் பார்த்து ஒதுங்க முடியாது. ஒரு ஒயர் பழுது எல்லா மெஷினையும் தொடும்.

தொடங்க வேண்டிய இடம் மெயின் போர்டு. அதைத் திறக்க நடுவில் சாமான் இருக்கக் கூடாது. போர்டுக்கு முன் ஒரு மீட்டராவது காலியாக விட்டு, தரையில் மஞ்சள் கோடு போடுங்கள். எந்த ஸ்விட்ச் எந்த மெஷினுக்கு என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒருவர் கரண்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது எது என்று தேட நேரம் இருக்காது.

அடுத்து ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் தரைக்குக் கசிந்தால் தானாக விழுந்து அணைக்கும் ஸ்விட்ச். ஆள் உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. 100, 300 மில்லி ஆம்பியர் அளவுகளில் வருபவை தீ விபத்தைத் தடுக்க வைப்பவை, அவற்றை நம்பிக் கையை வைக்க முடியாது. கையில் பிடிக்கும் கிரைண்டர், ட்ரில் மெஷின், டேபிள் ஃபேன் மாட்டும் பிளக் பாயிண்ட் எல்லாம் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பில் வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஆர்.சி.சி.பி.யில் கோர்க்காதீர்கள். பழைய மோட்டார் ஒன்று லீக் ஆனால் பட்டறை மொத்தமும் அணையும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். பிளக் பாயிண்ட்டுகளுக்குத் தனியாகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பாதான், மாற்றுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தவரை ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது. கரண்ட் தரைக்குக் கசிந்தால்தான் அதற்குத் தெரியும்.

எர்த் குழி அடுத்தது. நம் பக்கத்து மண் சித்திரை, வைகாசியில் காய்ந்து இறுகிப்போகும். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்வது குறையும். கோடை தொடங்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் அளந்து, குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். ஒவ்வொரு மெஷின் பாடிக்கும் எர்த் ஒயர் வந்து சேர்கிறதா என்று கடைசிவரை கூடவே போய்ப் பாருங்கள். பெயிண்ட் மேல் போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் அது எர்த் ஆகாது.

பிளக் இல்லாமல் ஒயரைத் தோலுரித்து சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்கு ஒரே மருந்து, ஸ்டோரில் எப்போதும் மூன்று பின் உள்ள பிளக் பத்து வைத்திருப்பது. ஆள் சோம்பேறித்தனத்தால் செய்வதில்லை, பிளக் கேட்டால் கிடைப்பதில்லை என்பதால் செய்கிறார்.

கடைசியாக, கரண்ட் போய் வரும் நேரம். மோட்டார் நேரடியாகச் சுற்று ஸ்விட்சில் ஓடினால், கரண்ட் போனதும் மெஷின் நிற்கும், வந்ததும் தானாகவே சுற்றத் தொடங்கும். இடையில் ஆள் லேத் சக்கில், அதாவது வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றும் பாகத்தில், சிக்கிய இரும்புச் சுருளை எடுத்துக்கொண்டிருப்பார். கான்டாக்டர் உள்ள ஸ்டார்ட்டர் மாட்டினால் கரண்ட் வந்தாலும் பச்சைப் பட்டனை அழுத்தும்வரை ஓடாது. ஒவ்வொரு மெஷினையும் ஓடவிட்டு, மெயினை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். தானாக ஓடியதெல்லாம் சிவப்புப் பட்டியல். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

4. சுற்றுகிறதையெல்லாம் மூடுங்கள்

பெல்ட், புல்லி, கியர், செயின், கப்ளிங் எதுவாக இருந்தாலும் விரல் நுழையாத அளவுக்கு மூட வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே இதைத்தான் சொன்னது. கம்பி வலையில் கவர் செய்தால் திறக்காமலே உள்ளே பார்க்கலாம், கழற்றி வைக்கும் ஆசையும் குறையும். கிரீஸ் வைக்கும் நிப்பிளை ஒரு குழாய் வழியாகக் கவருக்கு வெளியே கொண்டு வந்துவிடுங்கள். கவர் கழற்றப்படுவதற்குப் பாதிக் காரணம் கிரீஸ்தான்.

லேத்தில் மூன்று விஷயம் கண்டிப்பு. சக் சாவியை சக்கில் விட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கையை எடுத்ததும் தானாக வெளியே தள்ளும் ஸ்பிரிங் சாவி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். சுருள் சுருளாக வரும் பிசிறைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கிக் கம்பி வேண்டும். ஓடும் ஜாபை (வேலைத்துண்டை) எமரி பேப்பரை விரலில் சுற்றிப் பிடித்துத் தேய்க்கக் கூடாது.

லேத்திலும் ட்ரில்லிங்கிலும் கிளவுஸ் போடவே கூடாது. பாதுகாப்பு என்றால் கிளவுஸ் என்று நினைத்து முதல் நாளே எல்லோருக்கும் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சுற்றும் பாகம் கிளவுஸ் நூலைப் பிடித்தால் விரலோடு மணிக்கட்டையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டு, கழுத்தில் செயின், கையில் கயிறு, தொளதொள முழுக்கைச் சட்டை, வேட்டி, கைலி எல்லாவற்றுக்கும் இதே விதி. பெண்கள் வேலை பார்க்கும் இடமானால் துப்பட்டாவுக்குப் பதில் மேல்கோட்டு கொடுங்கள், ஜடையைக் கொண்டையாக்கித் தொப்பிக்குள் வைக்கச் சொல்லுங்கள். கோயில் கயிற்றைக் கழற்றச் சொன்னால் சிலருக்கு மனசு ஒப்பாது. அவர்களை சுற்றும் மெஷினில் நிறுத்தாமல் வேறு வேலைக்கு மாற்றுங்கள், சண்டை வேண்டாம்.

பெஞ்ச் கிரைண்டரில் ஜாபைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லி மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதிகமானால் ஜாப் உள்ளே சிக்கிக் கல் உடையும். கல் தேயத் தேய இடைவெளி கூடும், வாரம் ஒருமுறை இழுத்து வையுங்கள். புதுக் கல் மாட்டும் முன் அதை விரலில் தொங்கவிட்டு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தையாகக் கேட்டால் விரிசல். மாட்டியதும் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகுதான் வேலை.

கை கிரைண்டரில் நடக்கும் பெரிய தவறு, நாலு இஞ்ச் மெஷினின் கவரைக் கழற்றிவிட்டு ஐந்து இஞ்ச் வீல் மாட்டுவது. பெரிய வீலுக்குத் தாங்கும் சுற்று வேகம் குறைவு, சின்ன மெஷினோ நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். வீல் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் மெஷின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். அதிலேயே காலாவதித் தேதியும் இருக்கும், பாருங்கள். மரம் அறுக்கும் பல் பிளேடை அதில் மாட்டவே கூடாது. பல் சிக்கினால் மெஷின் துள்ளி ஆள் மேலேயே வரும்.

5. மெஷினைத் திறக்கும் முன் பூட்டு

மெயின்டெனன்ஸ் வேலையில் ஆள் சாவதற்கு ஒரே மாதிரியான கதைதான் இருக்கும். ஒருவர் உள்ளே கையை விட்டிருப்பார், மற்றவர் வந்து ஸ்விட்சைப் போடுவார். போட்டவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரியாது.

வழி எளிது. ஸ்விட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. பூட்டில் அவர் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை. பூட்டியபின் ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். கம்பிரசர் காற்றில் ஓடும் மெஷினானால் லைனில் நிற்கும் காற்றையும் வெளியேற்றுங்கள். தூக்கி நிற்கும் பாகத்துக்கு அடியில் கட்டை கொடுங்கள்.

‘ஆள் வேலை செய்கிறார்’ என்று பலகை மட்டும் தொங்கவிடுவது போதாது. பலகையைப் படிக்காமல் ஸ்விட்சைப் போடலாம், பூட்டைத் திறக்காமல் போட முடியாது.

6. வெல்டிங், சிலிண்டர், தீ

ஆக்சிஜன், அசிட்டிலின் சிலிண்டர்களை நிறுத்தி வைத்து செயின் போட்டுக் கட்டுங்கள். அசிட்டிலினைப் படுக்க வைத்தால் உள்ளிருக்கும் அசிட்டோன் வெளியே வரும். ஆக்சிஜன் வால்வு, ரெகுலேட்டர் பக்கம் எண்ணெய், கிரீஸ் பட்ட கையைக் கொண்டுபோகவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கேஸ் ஒழுகலை சோப்புத் தண்ணீரில் பாருங்கள், தீக்குச்சியில் பார்க்காதீர்கள். தீ பின்னால் திரும்பாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இரண்டு ஹோசுக்கும் வேண்டும்.

காலி டிரம், டேங்க் வெல்டிங் வந்தால் நிறுத்துங்கள். டீசலோ தின்னரோ இருந்த டிரம் காலியாகத் தெரியும், உள்ளே ஆவி நிற்கும். பொறி பட்டால் மூடி பறக்கும், முன்னால் நிற்பவர் பிழைக்க மாட்டார். முறையாகக் கழுவி ஆவி போனது உறுதியாகாத எந்தப் பாத்திரத்தையும் திருப்பி அனுப்புங்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

துத்தநாகம் பூசிய பைப்பை வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகையால் அன்று மாலையே குளிர் காய்ச்சல் வரும். வாழைப்பழம், பால் கொடுத்தால் சரியாகும் என்பார்கள். ஆகாது. வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, புகை முகத்துக்கு வராமல் ஃபேனை பக்கவாட்டில் வைத்து வெளியே தள்ளுங்கள்.

தீயணைப்பான் இரண்டு வகை வைத்திருங்கள்: பொதுவாக ஏ.பி.சி. பவுடர், கரண்ட் போர்டு பக்கம் கார்பன் டை ஆக்சைடு. பவுடர் வகையில் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்கலாம். கார்பன் டை ஆக்சைடில் முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதை அடிக்கும்போது கொம்பு போன்ற வாயைப் பிடித்தால் கை உறைந்துபோகும், கைப்பிடியைப் பிடிக்கப் பழக்குங்கள். இரண்டையும் வெளியேறும் வழியில் மாட்டுங்கள். தீ எரியும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் எடுக்கப் போக முடியாது.

வெல்டிங் முடிந்து அரை மணி நேரம் அந்த இடத்தில் ஒருவர் இருக்க வேண்டும். சாக்குக்குள் விழுந்த பொறி எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் எரியத் தொடங்கும்.

7. தூசி, சத்தம், வெயில்

இவை ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பதில்லை. அதனாலேயே தள்ளிப்போடுகிறோம்.

தூசியை கம்பிரசர் காற்றால் ஊதக் கூடாது, அது தரையிலிருந்து நுரையீரலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள், அல்லது உறிஞ்சும் மெஷின் வையுங்கள். மேலூர் பக்கம் கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் வேலையில் இது உயிர்ப் பிரச்சினை. கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும், அந்த சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்தில்லை. தண்ணீர் விட்டே அறுக்க வேண்டும், காய்ந்த அறுப்பு கூடாது. துணியைக் கட்டிக்கொள்வதால் பயனில்லை, என்95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழையும்.

சத்தத்துக்கு எளிய அளவு: கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காதுக்குக் கெடுதல். சட்டத்தில் எட்டு மணி நேர வேலைக்கு எல்லை 90 டெசிபல். ஆட்டம் காணும் பேரிங்கை மாற்றுவது, தகரத்துக்கு அடியில் ரப்பர் கொடுப்பது இவற்றால் எவ்வளவு குறைகிறது என்று முதலில் பாருங்கள், பிறகு காதடைப்பான்.

மதுரைக் கோடையில் தகரக் கூரைக்கு அடியில் வேலை என்பதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கூரைக்கு வெள்ளை பூச்சு, மேலே சூடான காற்றை வெளியே தள்ளும் ஃபேன், கனமான வேலையைக் காலை நேரத்துக்கு மாற்றுவது, இந்த மூன்றும் செலவு குறைந்தவை. கால் மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் தாமதம். தண்ணீர்ப் பானையை ஆபீஸ் ரூமில் வைத்தால் ஹெல்பர் கூச்சப்பட்டுப் போகமாட்டார், மெஷின் பக்கத்தில் வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கும் நீண்ட லீவில் இருந்து வந்தவருக்கும் முதல் வாரம் வெயில் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்கி வந்து தண்ணீர் ஊற்றி ஃபேன் போட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி இரண்டு மூன்று இரவு தூங்காமல் வருபவர்கள் உண்டு. அவர்களை பிரஸ்சிலோ லேத்திலோ நிறுத்தாதீர்கள். லீவு கேட்டால் கொடுத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

8. இப்போதுதான் ஷூ, கண்ணாடி, கிளவுஸ்

மிச்சம் இருக்கும் ஆபத்துக்கு மட்டும் வாங்குங்கள். எல்லோருக்கும் பாதுகாப்பு ஷூ, ஆனால் கால் அளவு எடுத்து. எட்டும் ஒன்பதும் மட்டும் வாங்கி வைத்தால் ஏழு அளவுக்காரர் செருப்போடுதான் வருவார். கிரைண்டிங், லேத், ட்ரில்லிங்குக்குப் பக்கவாட்டும் மூடிய கண்ணாடி. வெல்டருக்குத் தோல் கிளவுஸ், ஏப்ரன், முகத்திரை. பக்கத்தில் பிடித்து நிற்கும் ஹெல்பருக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும், பெரும்பாலும் அவரை மறந்துவிடுகிறோம். மேலே தூக்கும் வேலை இல்லாத இடத்தில் ஹெல்மெட் தேவையில்லை.

மேஸ்திரி கண்ணாடி போடாவிட்டால் யாரும் போடமாட்டார்கள். முதலாளி உள்ளே வரும்போது ஷூ இல்லாமல் வந்தாலும் அதே கதி.

9. புது ஆளின் முதல் நாள்

சேர்ந்த முதல் நாளே மெஷினில் நிறுத்தாதீர்கள். காலையில் அரை மணி நேரம் கூட்டிப்போய் மெயின் ஸ்விட்ச், வெளியேறும் வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, கழிப்பறை, தண்ணீர் எங்கே என்று காட்டுங்கள். பிறகு அவர் தொடக் கூடாத மெஷின்களைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

ஒடிசா, பீகார், வங்காளத்தில் இருந்து வந்தவர்கள் நம் தொழிற்பேட்டைகளில் நிறைய இருக்கிறார்கள். தமிழ்ப் போர்டு அவர்களுக்குச் சுவர் அலங்காரம்தான். படம் போட்ட போர்டு வையுங்கள், அவர்களில் மூத்தவர் ஒருவரை வைத்து அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் மெஷினை நிறுத்தச் சொல்லி, எத்தனை விநாடியில் சிவப்புப் பட்டனைத் தேடி அடிக்கிறார் என்று பாருங்கள்.

10. அடிபட்டால் முதல் பத்து நிமிடம்

ஷிப்டுக்கு இரண்டு பேராவது முதலுதவி தெரிந்தவராக இருக்க வேண்டும். மற்றவர்கள் கூட்டம் போடாமல் ஒருவர் 108-க்குப் பேசி, இன்னொருவர் மெயின் ரோட்டில் நின்று வண்டிக்கு வழி காட்ட வேண்டும். தொழிற்பேட்டைக்குள் பட்டறையைக் கண்டுபிடிப்பது வெளியாட்களுக்கு லேசில்லை.

கரண்ட் பிடித்தவரைத் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். நனைந்தால் மேலே இன்னொரு துணி, முதல் துணியை எடுக்கக் கூடாது. காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம்.

விரல் துண்டானால் அதைத் தேடி எடுத்து, சுத்தமான ஈரத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸ் உள்ள இன்னொரு கவரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் சதை கெட்டு ஒட்டவைக்க முடியாமல் போகும். ஆளோடு சேர்த்தே அனுப்புங்கள்.

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீர் இருபது நிமிடம். பேஸ்ட், இங்க், எண்ணெய் எதுவும் பூசக் கூடாது. கண்ணில் ஆசிட், தின்னர் தெறித்தாலும் தண்ணீர்தான், இமையைத் திறந்து பிடித்து கால் மணி நேரத்துக்குக் குறையாமல். கண்ணில் இரும்புத் தூள் பாய்ந்தால் துணி நுனியாலோ தீக்குச்சியாலோ பக்கத்து ஆள் எடுத்துவிடுவது பட்டறைகளில் வழக்கம். அதை இன்றோடு நிறுத்துங்கள். ராஜாஜி ஆஸ்பத்திரியும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் உள்ள ஊரில் கருவிழியைக் கீறிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

முதலுதவிப் பெட்டியைப் பூட்டி, சாவியை மேனேஜர் வீட்டுக்கு எடுத்துப் போகும் இடங்கள் உண்டு. பெட்டிக்குப் பூட்டே வேண்டாம். பிளாஸ்டர் நாலு காணாமல் போனால் போகட்டும்.

11. சட்டமும் பதிவும்

பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வந்துவிடுகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். ஆள் சேர்ந்த அன்றே பதிந்துவிடுங்கள். “பத்து நாள் தாங்குறானான்னு பார்ப்போம்” என்று தள்ளிப்போடும் அந்தப் பத்து நாளில்தான், மெஷின் பழகாத ஆளுக்கு அடிபடும். பதியாத ஆளுக்கு ஆகும் செலவும் இழப்பீடும் முதலாளி தலையில்தான் விழும். விபத்தை 24 மணி நேரத்துக்குள் இ.எஸ்.ஐ.க்குத் தெரிவியுங்கள். மதுரையில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி தத்தனேரியில் இருக்கிறது, போகும் வழியை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தாலே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது தொழிற்சாலையாக இருந்தது. மத்திய அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவித்த புதிய சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை இருபது. அதில் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனையும் உண்டு. உங்கள் பட்டறை எதில் வரும் என்பதை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் வராவிட்டாலும் கரண்ட் ஆள் எண்ணிக்கை பார்த்து அடிப்பதில்லை.

விபத்து நோட்டோடு இன்னொரு நோட்டும் வையுங்கள்: அடிபடாமல் தப்பியவற்றுக்கு. கல் உடைந்து சுவரில் அடித்தது, செயின் நழுவி ஜாப் விழுந்தது, துண்டு சக்கில் சுற்றி கிழிந்தது. பெயர் எழுத வேண்டாம், தேதியும் மெஷினும் நடந்ததும் போதும். ஒரே மெஷின் இரண்டு முறை வந்தால் அதை நிறுத்திப் பாருங்கள்.

12. மாதம் ஒரு சுற்று

மாதத்தின் முதல் சனிக்கிழமை, வாரச் சம்பளம் போடுவதற்கு முன், முதல் படியில் போன அதே சுற்று. ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டன், தீயணைப்பான் முள், கிரைண்டர் இடைவெளி, செயின் பிளாக்கின் கொக்கி, முதலுதவிப் பெட்டி, கவர்கள். ஒவ்வொரு மாதமும் வேறொரு தொழிலாளியைக் கூட்டிப்போங்கள். சொந்த மெஷினில் கண்ணுக்குப் பழகிப்போனது அடுத்தவர் கண்ணில் படும்.

ஆயுத பூஜை மாதத்தில் ஒரு சுற்று கூடுதலாக வேண்டும். மெஷினைக் கழுவி, துடைத்து, பெயிண்ட் அடிக்க எல்லாக் கவரையும் கழற்றுவார்கள். கழற்றும்போதே ஒவ்வொரு கவரிலும் மெஷின் நம்பரை சாக்பீஸால் எழுதி, அதன் போல்ட்டுகளை ஒரு பையில் போட்டுக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். விஜயதசமி காலையில் பூ, சந்தனத்தோடு மெஷினை ஓட்டத் தொடங்கும் முன் மேஸ்திரி கவர்களை எண்ணி முடித்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த மெஷினுக்கு அன்று பூஜை மட்டும்தான்.